எறும்புக்கு ஒரு விருந்து

சர்க்கரை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தால் அங்கே வருகிறது. உறியில் தொங்கவிட்டால் கயிற்றின் வழியே இறங்குகிறது. ஃபிரிட்ஜுக்குள் வைத்து மூடினாலோ, "எப்படியும் கதவைத் திறக்கத்தானே போகிறாய்?" என்று ரப்பர் ஓரத்தில் காத்துக் கிடக்கிறது. விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுகிறோம், ஈரத் துணியால் துடைக்கிறோம், மருந்து அடிக்கிறோம். மறுநாள் காலை காப்பி கலக்கப் போனால், நேற்று ஒன்றுமே நடக்காததுபோல அதே இடத்தில் அதே சாரி! இந்தச் சின்னஞ்சிறு ஜீவனிடம் தலைமுறை தலைமுறையாக நாம் தோற்றுக்கொண்டிருப்பதன் ரகசியம் என்ன? அதை ஜெயிக்க, அதிகச் செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய உபாயம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் அந்த உபாயத்தில் ஓர் அபாயமும் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே தெரிந்துகொள்வது நல்லது.

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பாதையில் இருக்கிறது அஸ்தம்பட்டி. வடக்கே தலை நிமிர்ந்தால் சேர்வராயன் மலை தெரியும். தோட்டமும் துரவுமாக இருந்த பழைய வீடுகள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டாலும், மாமரமும் தென்னையும் அங்கங்கே மிச்சம் இருக்கின்றன. சேலம் மத்திய சிறைச்சாலையும் இந்தப் பேட்டையில்தான். அதன் மதில் மனிதர்களை உள்ளே நிறுத்தி வைக்கிறது. எறும்புகளை வெளியே நிறுத்தி வைக்கிறதா என்பதை அங்கே சமையல் செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும். சித்திரை வெயிலில் மண் வறளும்போது தண்ணீரைத் தேடியும், மழை பிடித்துப் புற்றுக்குள் நீர் புகும்போது மேட்டிடத்தைத் தேடியும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எறும்புகள் வீட்டுக்குள் குடிவந்துவிடுகின்றன.

அங்கே ஒரு வீட்டில் மாமியார், மருமகள், தவழ ஆரம்பித்திருக்கும் எட்டு மாதக் குழந்தை ஆகிய மூவரையும் சந்தித்தேன். மருமகள் சமையலறையைக் காட்டினார். சுவிட்சுப் பலகையின் துளையிலிருந்து புறப்பட்ட சாரி, சுவரோரமாக இறங்கி, மேடையைச் சுற்றி, வெல்லப் பானைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, நானும் ஆறு மாசமாப் பார்க்கறேன். அடிக்க அடிக்க ஜாஸ்தியாத்தான் ஆகுதுங்க" என்றார்.

மாமியார் விட்டுக்கொடுக்கவில்லை. "வாசல்ல பச்சரிசி மாவுக் கோலம் போட்டு 'வா, வந்து தின்னு'ன்னு கூப்பிடறதும் நாமதான். உள்ள வந்தா விஷம் வெக்கிறதும் நாமதானுங்களா? இது எந்த ஊரு நியாயமுங்க?"

நியாயமான கேள்விதான்! ஆனால் மருமகளின் பயம் வேறு. சென்ற மாதம் கடையில் எறும்புச் சாக்பீஸ் வாங்கி, சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் கோடு கிழித்தாராம். இரண்டு நாள் எறும்புகள் சுற்றிப் போயின. மூன்றாம் நாள் பார்த்தால், கோட்டுக்கு முன்னால் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வாய்க்குள் போயிற்றா, இல்லையா? யாருக்குத் தெரியும்? ஓர் இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார்கள். நல்லவேளை, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாக்பீஸ் குப்பைக்குப் போயிற்று. எறும்பு மட்டும் போகவில்லை.

பார்ப்பதற்குத்தான் அது சாக்பீஸ். அதற்குள் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸுக்கும் அதற்கும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியுமா? பெரியவர்களே சில சமயம் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்கிறார்கள். இதற்கும் முந்தைய தலைமுறையில் காமாக்ஸின் பவுடர் இல்லாத வீடு கிடையாது. அரிசி மூட்டையைச் சுற்றிக்கூடத் தூவிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். அதன் சரக்கான பி.எச்.சி.யை 1997-ல் இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. அதைச் சுத்தப்படுத்தி எடுத்த லிண்டேன் என்ற மருந்தின் உபயோகமும் 2013-ல் நின்றது. மண்ணிலும் உடம்பிலும் வருஷக்கணக்கில் தங்கிவிடும் சரக்கு அது. அந்தப் பவுடரைத் தூவியும் எறும்பு வம்சம் அற்றுப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏன் அற்றுப்போகவில்லை? நம் கண்ணில் படுகிற சாரி எறும்புக் குடும்பத்தின் ஒரு சிறு பகுதி. இரை தேட வெளியே வருகிறவை கூலியாட்கள்; அதிலும் வயதானவை. இன்னும் கொஞ்ச நாளில் தாமாகவே சாகப் போகிறவை. இளசுகள் புற்றுக்குள்ளே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்கின்றன. எல்லாவற்றுக்கும் நடுவே ராணி. முட்டையிடுவது ஒன்றே அவள் உத்தியோகம். ஐரோப்பாவில் ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட ஒரு கறுப்பு எறும்பு ராணி ஏறக்குறைய 29 வருஷம் உயிரோடு இருந்தாள்! நாம் மேடையில் நசுக்குகிற நூறு எறும்புக்குப் பதிலாக இருநூறை அவள் அனுப்பி வைப்பாள். வாசலில் வந்து நிற்கிற தபால்காரரை விரட்டிவிட்டால் தபாலாபீஸ் மூடிவிடுமா?

சாரி கலையாமல் வருவதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. இரை கண்ட எறும்பு திரும்பிப் போகும்போது வயிற்றுப் பக்கத்தால் தரையில் ஒரு வாசனைத் திரவத்தைத் தீற்றிக்கொண்டே போகிறது. பின்னால் வருகிறவை அதை மோந்துகொண்டு நடக்கின்றன. அமெரிக்கப் பேராசிரியர் எட்வர்ட் வில்சன் 1959-ல் இந்தத் திரவம் சுரக்கும் சுரப்பியைத் தீ எறும்பின் உடம்பிலிருந்து எடுத்து நசுக்கிக் கோடு இழுத்துக் காட்டினார். இரை ஒன்றும் இல்லாமலே எறும்புகள் கூட்டமாகப் புறப்பட்டு அந்தக் கோட்டின் மேல் நடந்தன. ஈரத் துணியால் துடைத்தவுடன் எறும்புகள் சற்று நேரம் திக்குத் தெரியாமல் அலைவதை நாமும் பார்த்திருக்கிறோம் அல்லவா? நாம் அழித்தது அவற்றின் பாதையை.

இனித்தான் விஷயத்துக்கு வருகிறேன். எறும்புக்கு இரண்டு வயிறு. ஒன்று தனக்கு, இன்னொன்று ஊருக்கு. வழியில் குடித்த இனிப்பு நீரைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது வயிற்றில் நிரப்பிக்கொண்டு புற்றுக்குப் போய், எதிர்ப்படுகிற எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்து ஊட்டுகிறது. அது இன்னொன்றுக்கு, அது இன்னொன்றுக்கு. கடைசியில் குஞ்சுக்கும் ராணிக்கும். இதற்குச் 'சமூக வயிறு' என்று பெயர் வைத்தார் ஆகஸ்ட் ஃபொரெல் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர். ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் சில மணி நேரத்தில் ஊர் முழுக்கப் பந்தி பரிமாறப்பட்டுவிடும்.

அப்படியானால் அந்தச் சொட்டில் விஷத்தைக் கலந்தால்? கலக்கலாம். ஆனால் அந்த விஷம் பலவீனமாக இருக்க வேண்டும்! கடுமையாக இருந்தால் குடித்த எறும்பு பாதி வழியிலேயே செத்து விழும். ராணிக்கு ஒன்றும் போய்ச் சேராது. மெள்ள மெள்ள, இரண்டு மூன்று நாள் கழித்து வேலை செய்கிற விஷமாக இருந்தால்தான் கூலியாள் வீடு போய்ச் சேர்ந்து, விருந்து படைத்து, பிறகு சாவான். மருந்துக் கடையில் "இருப்பதிலேயே ஸ்ட்ராங்காகக் கொடுங்கள்" என்று கேட்டுப் பழகிய நமக்கு இது விநோதமாகத்தான் இருக்கும்.

இந்தக் குணமெல்லாம் பொருந்திய சரக்கு நம் ஊர் வெண்காரம். வெங்காரம் என்றும் சொல்வார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பழைய காலத்தில் இமயமலைக்கு அப்பாலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கி வந்த பண்டம் இது. லடாக்கில் புகா பள்ளத்தாக்கில் இயற்கையாகவே பூமியில் பூத்துக் கிடக்கிறது. சேலத்துக்காரர்கள் இதைத் தேடி அலைய வேண்டியதே இல்லை. செவ்வாய்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்கிற பட்டறைகளில், வளையத்தோடு வளையத்தைப் பற்றவைக்கும்போது பொடி தூவுகிறார்களே, அதில் சேர்வது வெண்காரம்தான். 'பொடி வைத்து ஊதுவது' என்று பேச்சில் சொல்கிறோமே, அது இந்தத் தொழிலிலிருந்து வந்த வார்த்தை. எறும்புக்கு நாம் செய்யப்போவதும் பொடி வைக்கிற காரியம்தான்! இனிப்புக்கும் செவ்வாய்பேட்டையை விட்டு நகர வேண்டாம். வெல்ல மண்டி அங்கேயே இருக்கிறது. (வெல்லத்தில் வெள்ளைச் சர்க்கரையைக் கலந்துவிட்டார்கள் என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவ்வப்போது மூட்டைகளைப் பிடிக்கிறார்கள். எறும்புகள் இதுவரை புகார் செய்ததாகத் தெரியவில்லை.)

கலவை எவ்வளவு? நம் வீடுகளில் ஒரு பங்கு வெண்காரத்துக்கு மூன்று பங்கு சர்க்கரை என்று பொடியாகக் கலந்து மூலையில் தூவுவார்கள். அது பெரும்பாலும் வீண். வளர்ந்த எறும்பால் கெட்டிப் பொருளை விழுங்க முடியாது. அதன் வாய்க்குள் ஒரு சல்லடை இருக்கிறது. சர்க்கரைப் பரலைப் பொறுக்கிக்கொண்டு வெண்காரத்தை நமக்கே விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே நீராகக் கரைத்து வைக்க வேண்டும். அதிலும் 1990-களில் அமெரிக்காவில் ஜான் கிளாட்ஸ் என்ற பூச்சியியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனைகளில், சர்க்கரைத் தண்ணீரில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதற்கும் குறைவாகக்கூட, போரிக் அமிலம் இருந்தாலே போதும் என்று கண்டார்கள்.

வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். கால் லிட்டர் வெந்நீர். அதில் 60 கிராம் சர்க்கரை. தலை வழித்த அரை டீஸ்பூன், அதாவது சுமார் 2 கிராம், வெண்காரப் பொடி. அடியில் ஒன்றும் தங்காமல் கரையும்வரை கலக்கி ஆறவிட வேண்டியதுதான். கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடர் என்றாலும் இதே அளவு. சர்க்கரைக்குப் பதில் வெல்லப் பாகும் போடலாம். வாசனைக்கு எறும்பு சீக்கிரம் வரும். ஆனால் வெல்லப் பாகு விரைவில் புளித்துவிடும், இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கடைக்காரரிடம் வெண்காரம் என்று தெளிவாகக் கேளுங்கள். படிகாரம் வேறு, நவச்சாரம் வேறு, அப்பளக்காரம் வேறு. எல்லாம் வெள்ளையாக இருப்பதால் வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. கலக்கிய பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலுக்கு வரக்கூடாது.

வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் எறும்பு விழுந்து மிதக்கும். மற்றவை பயந்து ஒதுங்கும். இதைவிட, பஞ்சுருண்டையை நனைத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, மூடியை இறுக்கி மூடி, பக்கத்தில் ஊசி பழுக்கக் காய்ச்சி நாலைந்து துவாரம் போட்டுவிட்டால், எறும்பு மட்டும் போய்வரும். அதைச் சாரி போகும் பாதையிலேயே, கூடுமானால் வீட்டுக்கு வெளியே, சாரி சுவருக்குள் நுழைகிற இடத்துக்கருகில் வைக்க வேண்டும்.

பிறகு? ஒன்றும் செய்யக்கூடாது! இதுதான் கஷ்டமான பகுதி. முதல் நாள் நூறு வந்த இடத்தில் ஆயிரம் வரும். அஸ்தம்பட்டி வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. "நீங்க சொன்னதைச் செஞ்சேனுங்க, ஊரு எறும்பெல்லாம் எங்க வீட்டுக்குக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்குதுங்க" என்று மறுநாள் டெலிபோனில் மருமகள் குறைப்பட்டுக்கொண்டார். துடைக்க வேண்டாம், மருந்து அடிக்க வேண்டாம், பஞ்சு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். நாலாம் நாள் சாரி மெலிந்தது. ஒன்பதாம் நாள் சுவிட்சுப் பலகையின் துளை வெறுமையாக இருந்ததாம். எல்லா வீட்டிலும் ஒன்பது நாள் என்று எழுதிக் கொடுக்க முடியாது. சில இடத்தில் ஒரு வாரம், சில இடத்தில் மூன்று வாரம்கூட ஆகும். மாமியாருடைய கேள்விக்கும் ஒருவாறு சமாதானம் கிடைத்தது. டப்பாவைப் பின்பக்கச் சுவரோரம் வைத்ததால் வாசல் கோலத்துக்கு வருகிற எறும்புகள் அந்தப் பக்கம் போகவில்லை. கோலத்து மாவை இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இப்போது அபாயத்தைச் சொல்ல வேண்டும். இனிப்பும் வெண்காரமும் கலந்த நீர் எறும்புக்கு மட்டும் இனிக்காது. அது இருப்பது தரையில். தவழும் குழந்தை இருப்பதும் தரையில். "வெண்காரம் நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. வாய்ப்புண் கண்ட சிசுவுக்கு வெண்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் பக்கத்துக் கைவைத்தியம். மேல்நாட்டிலும் இதே பழக்கம் இருந்தது. 1953-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தைச் சேர்ந்த ஆல்டன் கோல்ட்புளூம், ரிச்சர்ட் கோல்ட்புளூம் என்ற தந்தையும் மகனுமான இரு குழந்தை டாக்டர்கள், போரிக் அமிலத்தால் விஷமேறியவர்களைப் பற்றி அதுவரை உலகில் பதிவாகியிருந்த 109 விவரங்களைத் திரட்டி வெளியிட்டார்கள். அரையில் புண் ஆறுவதற்காகத் தாய்மார் போட்ட போரிக் பவுடர்கூடச் சிசுக்களின் உடம்பில் ஏறி உயிருக்கு உலை வைத்திருந்தது. 1983-ல் வெளியான இன்னொரு மருத்துவக் கட்டுரை, தேனும் வெண்காரமும் தடவிய ரப்பர் சூப்பானைச் சப்பிய ஏழு குழந்தைகளைப் பற்றியது. ஏழு பேருக்கும் வலிப்பு வந்தது. தடவுவதை நிறுத்தியதும் வலிப்பும் நின்றது.

இந்த இரண்டு கட்டுரைகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் வேறு எச்சரிக்கையே தேவையில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: குழந்தை தவழும் வீட்டில் டப்பா தரையில் இருக்கவே கூடாது. குழந்தையின் கை எட்டாத உயரத்தில் ஜன்னல் விளிம்பிலோ, பூட்டக்கூடிய தொட்டிக்கடி அறையிலோ, வெளிச்சுவரில் ஆணியடித்தோ வைக்கலாம். எறும்பு எந்த உயரத்துக்கும் ஏறும். நாய், பூனைக்கும் இதே ஜாக்கிரதை வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பொடியைக் கையாளாமல் வீட்டில் வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நலம். மீதி நீரைப் பானம் இருந்த பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பதைப்போல் ஆபத்து வேறில்லை. கோடைக்காலத்தில் தாகத்தோடு வருகிறவர் பாட்டிலின் லேபிளைத்தான் பார்ப்பார். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால், விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, கலவை இருந்த டப்பாவையும் பொடிப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எதை, எவ்வளவு என்று தெரிந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

சரி, எல்லா எறும்பும் இந்த விருந்துக்கு வருமா? வராது. இந்தியாவில் மட்டும் எண்ணூறுக்கும் மேற்பட்ட எறும்பு இனங்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் நமக்குப் பழக்கமானவை சில. காலும் மீசையும் நீண்டு, தாறுமாறாக ஓடுகிற, கடிக்காத கறுப்பு எறும்பைப் பிள்ளையார் எறும்பு என்று மரியாதையாகச் சொல்வார்கள். இது இனிப்புக்கு வரும். உடம்பு கண்ணுக்கே தெரியாமல் தலை மட்டும் கறுத்திருக்கும் பொடி எறும்பும் அப்படியே. ஆனால் கடித்தால் நெருப்பாய் எரிகிற சிவப்பு எறும்புக்கு எண்ணெய்ப் பசையும் விதையும் கறியும் பிடித்தம். அதற்குச் சர்க்கரைத் தண்ணீரை வைத்துவிட்டு, "வெண்காரம் பலிக்கவில்லை" என்பதில் அர்த்தமில்லை. வறுத்த நிலக்கடலையை எண்ணெய் விட்டு விழுதாக அரைத்து அதில் ஒரு சிட்டிகை வெண்காரம் சேர்த்துப் பார்க்கலாம். எந்த எறும்பு எதற்கு வரும் என்று அறிய சுலபமான வழி: விஷம் கலக்காத சர்க்கரைப் பாகில் ஒரு சொட்டும், கடலை விழுதில் ஒரு துளியும் ஒரு அட்டைத் துண்டில் வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். ஒரே குடும்பம்கூடக் குஞ்சு பொரிக்கிற காலத்தில் கறியும் எண்ணெயும் கேட்கும். மற்ற காலத்தில் இனிப்பு கேட்கும். மசக்கைக்காரி மாதிரி!

மஞ்சள் நிறத்தில் மிகச் சிறியதாக ஓர் எறும்பு உண்டு. பாரோ எறும்பு என்று விஞ்ஞானிகள் சொல்வார்கள். ஆஸ்பத்திரிகளில் கட்டுத் துணிக்குள்கூடப் புகும். இதன் மேல் மட்டும் மருந்து அடித்துவிடாதீர்கள். ஒரே புற்றில் பல ராணிகள் இருப்பதால், அடித்த உடனே பாகப்பிரிவினை செய்துகொண்டு நாலு புற்றாகப் பிரிந்துவிடும். ஒரு சாரி இருந்த வீட்டில் மறு வாரம் நாலு சாரி! இதற்குப் பொறி விருந்து தவிர வேறு வழி கிடையாது.

மஞ்சள் பொடி, பெருங்காயத் தண்ணீர், சர்க்கரை டப்பாவில் கிராம்பு, கற்பூரம் என்று நம் வீடுகளில் பல முறைகள் இருக்கின்றன. வாசனையால் பாதை குழம்பி எறும்பு திரும்பிப் போகும் என்பது வாஸ்தவம். போன எறும்பு பக்கத்து அலமாரிக்குப் போகும் என்பதும் வாஸ்தவம். புற்றின் எண்ணிக்கை இதனால் ஒன்றுகூடக் குறையாது. வலைப் பீரோவின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழைய ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. யாரையும் கொல்லாமல் காரியம் நடக்கிறது. ஆனால் அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஆசையாக முட்டையிடுகிறது. வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றாவிட்டால், எறும்புக்குத் தப்பிக் கொசுவிடம் அகப்பட்ட கதைதான்.

தோட்டத்து எறும்புகளை இந்த யுத்தத்தில் இழுக்க வேண்டாம் என்பதும் என் அபிப்பிராயம். கறையானையும் ஈயின் முட்டையையும் தின்று தீர்ப்பவை அவை. மாமரத்தில் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, காய் பறிக்கிறவரைக் கடித்துப் பிய்த்துவிடும். ஆனால் மரத்தைத் தாக்கும் பல பூச்சிகளையும் அதேபோல் பிய்த்துவிடும். இதன் உறவுக்கார எறும்புகளின் கூட்டை விலைக்கு வாங்கி ஆரஞ்சு மரத்தில் கட்டி வைக்கிற வழக்கம் சீன தேசத்தில் 1,700 வருஷங்களுக்கு முன்பே இருந்திருக்கிறது.

வீட்டு வெண்காரத்துக்கு அடங்காத எறும்பும் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்தில் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ல் நடந்ததைப் பலர் படித்திருப்பார்கள். மஞ்சள் பைத்திய எறும்பு என்ற ஒன்று மலையிலிருந்து லட்சக்கணக்கில் இறங்கிவிட்டது. இது கடிக்காது, கொட்டாது. ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சியடிக்கும். கட்டிப் போட்ட ஆடுமாடுகளின் கண்ணில் பட்டுப் பார்வை போகிறது, காட்டுக்குள் பட்டி போட முடியவில்லை என்று கிராமத்தார் முறையிட்டார்கள். இதே எறும்பு பசிபிக் சமுத்திரத்தில் ஜான்ஸ்டன் என்ற சிறு தீவில் 2010-ல் காணப்பட்டது. தரையில் கூடு கட்டும் கடற்பறவைகள் இருந்த இடம் தெரியாமல் ஓடின. தொண்டர்கள் முறை வைத்துக்கொண்டு ஆள் நடமாட்டமில்லாத அந்தத் தீவிலே தங்கி, தீனியில் மருந்து கலந்து வைத்து வைத்து, கடைசி எறும்பும் ஒழிந்தது என்று 2021-ல் அறிவித்தார்கள். பத்து வருஷத்துக்கும் மேல் ஆயிற்று! அங்கேயும் ஜெயித்தது தீனிதான். அவ்வளவு பெரிய காரியம் அரசாங்கமும் விஞ்ஞானிகளும் செய்ய வேண்டியது. உங்கள் தோட்டத்தில் மஞ்சளாக, நீண்ட காலோடு, வெறி பிடித்ததுபோல் ஓடும் எறும்பு திடீரென்று பெருகினால், டப்பாவைத் தேடாமல் வேளாண்மைத் துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

வீட்டு எறும்பு அற்றுப்போன பிறகு செய்ய வேண்டியது இரண்டே. சாரி வந்த பாதை முழுவதையும் சோப்புத் தண்ணீரால் கழுவினால், அடுத்த புற்றுக்காரர்கள் பழைய வாசனையைப் பிடித்துக்கொண்டு வரமாட்டார்கள். நுழைந்த துவாரத்தை வெள்ளைச் சிமெண்டால் அடைத்துவிடலாம். சுவிட்சுப் பலகையாக இருந்தால் அந்த வேலை எலக்ட்ரீஷியனுடையது. மீந்த கலவையைச் செடிக்கு ஊற்றக்கூடாது. வெண்காரம் அதிகமானால் துளசி முதல் தென்னை வரை எதுவும் கருகும். தண்ணீரை நிறைய விட்டுச் சாக்கடையில் கொட்டுங்கள். பஞ்சைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, வெண்காரப் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் 'விஷம்' என்று எழுதி, சமையலறைக்கு வெளியே, உயரமான இடத்தில் வையுங்கள். ஆடியில் மழை பிடித்ததும் மறுபடி தேவைப்படும்.